அவளுக்கென்று சொல்லி வாங்கிய கிழங்கு

கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. வெள்ளைக்காரர் காலம். சித்தூரில் மிஷன் பள்ளி வாத்தியாராக இருந்தேன். வயது முப்பதுதான், ஆனால் மத்தியான வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தெம்பு இருக்காது. வீட்டில் மனைவி பக்கத்தில் வந்தாலும் அசதி என்று திரும்பிப் படுத்துக்கொள்வேன். குறை என்னிடம்தான் என்று எனக்குத் தெரியும்.

உள்ளூர் வைத்தியரிடம் போனால் ஊரே பேசும். அதனால் மாதம் ஒரு சனிக்கிழமை ரயிலேறித் திருப்பதி போனேன். எங்கள் சபையார் யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்ற தைரியம். நாட்டு மருந்துக் கடைக்காரர் அமுக்கராக் கிழங்கை இடித்துச் சலித்துத் தந்தார். பாலில் கலந்து குடித்தால் பலம் ஏறும், ஆண்மை திரும்பும் என்றார். குதிரை வாடை அடித்தது. பள்ளி அலமாரியில் பூட்டி வைத்துக் குடித்தேன்.

மூன்றாம் முறை பொட்டலத்தோடு திரும்பினால், எதிரே எங்கள் சபை மூப்பர். மாட்டுக்கு மருந்து வாங்க வந்திருக்கிறார்.

"இன்னா வாத்தியாரே, யாருக்கு மருந்து?"

"வீட்ல அவங்களுக்குங்க. கர்ப்பப்பை பலவீனமாம்."

யோசிக்கவே இல்லை. வாயில் அதுதான் வந்தது.

புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் அவளை நடுவில் முழங்கால் போடவைத்து, மூப்பரின் மனைவி தலையில் கைவைத்துச் சத்தமாக ஜெபித்தாராம். வீட்டுக்கு வந்தவள் கால்கூடக் கழுவவில்லை.

"எனக்குன்னு மருந்து வாங்கினு வந்தீங்களாமே? எங்க அது?"

பள்ளி அலமாரிச் சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"உங்களுக்குன்னு சொல்லியிருந்தா நானே பால் காச்சிக் குடுத்திருப்பேன். எதுக்குங்க என் தலையில போட்டீங்க?"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜெபக் குறிப்பு கேட்டபோது, எல்லோர் முன்னும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று எழுந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பரீட்சை எழுதப்போற பிள்ளைங்களுக்காக ஜெபிச்சிக்குங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அவள் தலை குனிந்துகொண்டாள்.

அதன் பிறகு தினமும் காலையில் பொடியைப் பாலில் கலந்து அவளே கொண்டுவந்து வைத்தாள். குழந்தை பிறக்கவில்லை. மலடி என்ற பேச்சைக் கடைசிவரை அவள்தான் கேட்டாள். ஒருவரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஜெபக்கூட்டத்துக்கு மட்டும் போவதை நிறுத்திவிட்டாள். ஏன் வரவில்லை என்று மூப்பர் கேட்டபோது, "அவங்களுக்கு உடம்பு சரியில்லைங்க" என்றேன்.