தொப்பூர் மேட்டில் ட்ராஃபிக் வரவழைத்த கதை

1. திரும்பி வந்த போர்டு

செபஸ்தியான் எங்கள் ஆபீசுக்குள் நுழைந்தபோது நான் எழுதிய போர்டு அவர் தலைமேல் இருந்தது. தொப்பூரிலிருந்து பஸ் டாப்பில் போட்டுக் கொண்டுவந்து, தர்மபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து தலையில் சுமந்து நடந்தே வந்திருந்தார். அதை முதலாளியின் மேஜையில் சாய்த்து வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தாங்க, இத நீங்களே வெச்சிக்குங்க. மாட்டின நாள்ல இருந்து காக்காதான் வந்து உக்காருது. சாப்பிட ஒருத்தன் வர்ல."

முதலாளி போர்டைத் தடவிப் பார்த்தார். "பளிச்சுன்னு இருக்குதா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"பளிச்சுன்னுதாங்க இருக்குது."

"அப்ப நம்ம வேல சுத்தம். ஆளு வராததுக்கு போர்டு என்னாங்க பண்ணும்?"

இது எண்பதுகளின் நடுவில். தர்மபுரியில் பப்ளிசிட்டி ஆபீஸ் ஒன்றில் எனக்கு வேலை. போர்டு எழுதுவது, சுவர் எழுதுவது, சினிமா ஸ்லைடு வரைவது, நோட்டீஸ் கொடுப்பது எல்லாம் நானே. முதலாளி ராமலிங்கத்தின் வேலை, ஐடியா கொடுப்பது.

போன மாதம் சிறு வணிகர்களுக்கு இன்டர்நெட் மார்க்கெட்டிங் சொல்லித்தரும் வகுப்பு ஒன்றில் போய் உட்கார்ந்தேன். என் மருமகன் செல்போன் கடை வைத்திருக்கிறான், துணைக்கு இழுத்துக்கொண்டு போனான். கீவேர்ட், ட்ராஃபிக், ரேங்க் என்று டை கட்டிய தம்பி ஒருவர் திரையில் காட்டிக் காட்டி விளக்கினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கூடாது கூடாது என்று அவர் சொன்ன அத்தனை மடத்தனத்தையும் நாங்கள் கம்ப்யூட்டரே இல்லாமல் தொப்பூரில் செய்து முடித்திருந்தோம். புதிதாகக் கடை போடுகிறவர்களுக்கு உதவட்டும் என்று அதை எழுதி வைக்கிறேன்.

செபஸ்தியானும் அவர் மனைவி மரியாளும் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த காட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தொப்பூர் மேடு ஏறி முடிகிற இடத்தில் ஓட்டுக் கட்டிடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து மெஸ் போட்டிருந்தார்கள். திறந்ததோ தவக்காலத்தில். கறி தின்னாத நாற்பது நாளில் கறிக்குழம்பு மெஸ் திறந்த கத்தோலிக்கர் இந்த மாவட்டத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். லாரிக்காரனுக்கு ஏது தவக்காலம் என்பது அவர் கணக்கு. அது சரியான கணக்குதான்.

கட்டிடம் நல்லம்பள்ளி பெரியசாமியுடையது. ஈஸ்டர் வரைக்கும் பார்ப்பேன், வியாபாரம் ஆகவில்லை என்றால் பங்ச்சர் கடைக்கு விட்டுவிடுவேன் என்று அவர் சொல்லிவிட்டார். மெஸ் போனால் இரண்டு பேரும் பெங்களூர் கட்டிட வேலைக்குப் போக வேண்டியதுதான். மரியாள் ஏற்கெனவே ஒரு தடவை சித்தாளாகப் போய், இடுப்பு போய்த் திரும்பி வந்தவர். இன்னொரு தடவை அந்த அம்மாவால் செங்கல் சுமக்க முடியாது.

இப்போது அந்த போர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆபீசில் எழுத்துக்கு இவ்வளவு என்று ரேட். அதனால் முதலாளி ஆர்டர் எடுக்கும்போது "வேற என்னா போட்டுக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மேலே அந்தோணியார் துணை. அடுத்து செபஸ்தியானின் தாத்தா பெயர், அப்பா பெயர், அவர்களின் நல்லாசியுடன். பிறகு, சுத்தமான முறையில் சுகாதாரமாகத் தயாரிக்கப்பட்ட சுவைமிகுந்த உயர்தர அசைவ உணவு வகைகள் கிடைக்குமிடம். அதற்கும் கீழே, தங்கள் வரவு நல்வரவாகுக. இரண்டு மூலையிலும் ரோஜாப்பூ. நடுவில் ஒரு சேவல். அது முதலாளியின் அன்பளிப்பு, பில்லில் வராது.

லோடு ஏற்றி வருகிற டிரைவர் இதைப் படிக்க வேண்டுமானால் வண்டியை ஓரங்கட்டி, கீழே இறங்கி, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அந்த ரோட்டில் போகிறவர்களில் பாதிப் பேர் கர்நாடகாக்காரர்கள், அவர்களுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. தெரிந்தவர்களும் சேவலைப் பார்த்துக் கோழிப்பண்ணை என்று நினைத்திருப்பார்கள். வேண்டாத சொல்லையெல்லாம் திணிப்பதற்கு வகுப்புத் தம்பி இங்கிலீஷில் ஒரு பெயர் சொன்னார். எங்கள் முதலாளி அதை "அம்சம்" என்பார்.

2. சேரவேண்டியவர்களைத் தவிர எல்லோருக்கும்

போர்டு பேசவில்லை என்றானதும் முதலாளி சினிமா ஸ்லைடுக்குத் தாவினார். தர்மபுரி கொட்டகையில் இடைவேளையில் செபஸ்தியான் மெஸ் கலர் கலராக ஓடியது. முறுக்கு தின்றுகொண்டே ஜனங்கள் பார்த்தார்கள். படம் விட்டதும் அவரவர் வீட்டுக்குப் போய் அவரவர் சோற்றைத் தின்றார்கள். தொப்பூர் மேட்டில் பசியோடு போகிற டிரைவர் எவனும் அந்தக் கொட்டகையில் இல்லை.

அடுத்தது நோட்டீஸ். பஸ் ஸ்டாண்டில் நின்று கட்டுக் கட்டாகக் கொடுத்தேன். டீக்கடைக்காரர் ஒரு கட்டை அப்படியே வாங்கி வடை கட்ட வைத்துக்கொண்டார். ஒரே ஒருவர்தான் நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைத் தேடி ஆபீசுக்கே வந்தார். எனக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்துவிட்டது.

"சார், இது பின்னாடி வெள்ளையா இருக்குதுங்க. மிச்சம் இருந்தா குடுங்க, வூட்ல பசங்க கணக்குப் போட்டுப் பாக்கும்" என்றார்.

முதலாளி இதைக் கேட்டும் மனம் தளரவில்லை. "பாத்தியா, நோட்டீசு வூடு வரைக்கும் போய்ச் சேருது" என்றார்.

3. இரண்டு லாரி

மூன்றாவது ஐடியா வந்தபோது முதலாளி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"ஏம்பா, லாரிக்காரன் எங்க நிறுத்துவான்? நாலு லாரி நிக்கற எடத்துல. அப்ப நமக்கு என்னா வேணும்? லாரி வேணும்!"

ஷெட்டில் கிடந்த இரண்டு கண்டம் லாரிகளைப் பேசி, கட்டி இழுத்துக்கொண்டு போய் செபஸ்தியான் மெஸ் முன்னால் ரோட்டோரமாக நிறுத்தினோம். ஒன்றுக்கு எஞ்சின் இல்லை. இன்னொன்றுக்கு எஞ்சின் உண்டு, ஆனால் அது ஓடாது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு வண்டிக்காரர்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பது போலவே இருந்தது. செபஸ்தியான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். எனக்கே அன்றைக்கு ஐடியா பிடித்துத்தான் இருந்தது.

சேலம் பக்கமிருந்து மேடு ஏறி வந்த வண்டிகள் எங்கள் லாரிகளைப் பார்த்ததும் முக்கி முனகி வேகமெடுத்தன. தர்மபுரிப் பக்கமிருந்து ஒரு லாரிகூட வரவில்லை. பஸ் வந்தது, கார் வந்தது, மாட்டு வண்டி வந்தது. லாரி மட்டும் இல்லை. அந்த ரோட்டில் லாரி வராமல் போவது நடக்கிற காரியமா? செபஸ்தியான் ரோட்டின் நடுவில் நின்று கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார்.

"என்னாங்க, பெங்களூர்ல எதுனா பந்த் நடக்குதா?" என்றார்.

அடுத்த நாளும் அதே கதை. மத்தியானம் ஒருவர் மட்டும் ரோட்டோரமாக, மரத்துக்கு மரம் ஒதுங்கி ஒதுங்கி நடந்து வந்தார். முனுசாமி என்று பெயர், மாரண்டஹள்ளியிலிருந்து சேலத்துக்குத் தக்காளி ஏற்றிப்போகிற டிரைவர். மெஸ்ஸின் பின்பக்கமாக வந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மரியாளிடம் குரலை அடக்கிக் கேட்டார்.

"ஏம்மா, செக்கிங் போயிட்டாங்களா?"

"எந்த செக்கிங்குங்கண்ணா?"

"முன்னாடி ரெண்டு வண்டியப் புடிச்சி நிறுத்தி வெச்சிருக்கறாங்களே!"

மரியாள் அவரை முன்பக்கம் கூட்டிவந்து காட்டினார். முனுசாமி எஞ்சின் இல்லாத லாரியின் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. அவருக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

"யாருய்யா இந்த வேலயப் பண்ணது? மேட்டு மேல ரெண்டு வண்டி ஓரங்கட்டி நின்னா என்னா அர்த்தம்? ஆர்.டி.ஓ. நிக்கறாருன்னு அர்த்தம். எதுர்ல வர்றவன் எல்லாம் லைட்ட போட்டு காட்டிட்டுப் போறான். ஓவர்லோடு வண்டி அத்தனையும் மேல தர்மபுரி பக்கத்து டாபாவுல நிக்குது. நேத்துல இருந்து அங்க உக்கார எடம் இல்ல. அந்தாளு ரெண்டு தடவ ஒல வெச்சிட்டான்!"

அதாவது, எங்கள் விளம்பரம் பிரமாதமாக வேலை செய்தது. போட்டிக் கடைக்கு. செபஸ்தியான் தலையில் கை வைத்துக்கொண்டு திண்டில் உட்கார்ந்துவிட்டார். வராத கூட்டத்தை வந்ததாகக் காட்டுகிற சாமர்த்தியத்தை இன்று செல்போனிலேயே செய்து தருகிறார்களாம். செய்துகொள்ளுங்கள், எனக்கென்ன வந்தது.

4. ஒரே ஒரு சொல்

முனுசாமி நடந்து வந்த களைப்பில் அங்கேயே சாப்பிட உட்கார்ந்தார். மரியாள் சோறும் கறிக்குழம்பும் போட்டார். தவக்காலம் என்று அந்த அம்மா உப்புப் பார்க்கக்கூட குழம்பை நாக்கில் வைப்பதில்லை. வாசத்தை வைத்தே சமைப்பார். முனுசாமி மூன்றாவது தடவை சோறு வாங்கியபோது கோபம் போயிருந்தது.

"கொழம்பு நல்லாத்தாம்மா இருக்குது. ஆனா இது உள்ள வந்து தின்னவனுக்குத்தான தெரியும்? மேட்ட ஏறி வர்றவன் சோத்த தேட மாட்டான். ரேடியேட்டர் கொதிச்சிப் போயி தண்ணியத்தான் தேடுவான். டாபாக்காரன் சாப்பிட்டாத்தான் ஒரு பக்கெட்டு தரேங்கறான். உனக்குப் பின்னாடி கெணறு இருக்குதே, ஒரு டிரம்மு தூக்கி ரோட்டுல வெய்யி."

மரியாள் யோசிக்கவே இல்லை. அன்றைக்கே கண்டம் லாரிகளை இழுத்துப்போகச் சொல்லிவிட்டு, தார் டிரம் ஒன்றைக் கழுவி ரோட்டோரத்தில் வைத்தார். "ண்ணா, இதுல தண்ணின்னு மட்டும் எழுதுங்க. தூரத்துல இருந்து தெரியற மாதிரி. கன்னடத்துலயும் எழுதிடுங்க" என்றார். ஓசூர் போர்டுகள் எழுதி எனக்குக் கன்னட எழுத்து பழக்கம். முன்னால் தண்ணி, பின்னால் நீரு. வேறு எதுவும் எழுதவில்லை.

ஆபீசில் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "தண்ணியா? மூணு எழுத்து! இதுக்கு பில்லு போடறதா, தர்மக் கணக்குல எழுதறதா? குளிர்ந்த, தூய்மையான, கிணற்று நீர் இலவசம்னு போட்டிருந்தா என்னா கொறஞ்சா போயிடும்?"

அத்தனையும் போடாமலே எதுவும் குறையவில்லை. மேடு ஏறி வந்த வண்டி ஒவ்வொன்றும் டிரம்மைப் பார்த்து நின்றது. ரேடியேட்டர் ஆறுகிற வரைக்கும் டிரைவர் என்ன செய்வான்? மரியாளின் குழம்பு வாசம் ரோடு வரைக்கும் வரும். ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்தோலை ஞாயிறன்று நான் போனபோது வாசலில் நிஜமாகவே ஆறு லாரிகள் நின்றன. செபஸ்தியானுக்கு என்னோடு பேச நேரமில்லை. இலையை எடுத்துக்கொண்டே சிரித்தார். எனக்கும் மனசு நிறைந்திருந்தது.

5. ஈஸ்டர்

பெரியசாமி சொன்னபடி ஈஸ்டர் வரைக்கும் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளிய மரத்தடியில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு, வருகிற வண்டி, போகிற வண்டி எல்லாவற்றையும் பார்த்தார். ஈஸ்டருக்கு மறுநாள் செபஸ்தியானைக் கூப்பிட்டுக் கட்டிடத்தைக் காலி பண்ணச் சொன்னார்.

"வியாபாரம் ஆகுதுங்களே" என்றார் செபஸ்தியான்.

"அதான்யா சொல்றன். மருமவன் சும்மா இருக்குறான். அவன் பாத்துக்குவான்."

அந்த வாரம் நான் ஆபீசுக்குப் போனபோது, செபஸ்தியான் போர்டைச் சாய்த்து வைத்த அதே மேஜைக்கு முன்னால் பெரியசாமியின் மருமகன் உட்கார்ந்திருந்தான். முதலாளி அவனிடம் "வேற என்னா போட்டுக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இவனுக்கு நாம் எழுத வேண்டாம் என்று சொன்னேன். "நமக்கு எல்லாரும் கஸ்டமர்தாம்பா" என்று முதலாளி எழுத்தை எண்ணத் தொடங்கினார்.

செபஸ்தியானும் மரியாளும் மூட்டை கட்டும்போது போய்ப் பார்த்தேன். மரியாள் அழவில்லை, கோபமும் படவில்லை. "நீங்க எழுதனது நல்லாத்தாண்ணா வேல செஞ்சுது. இங்க ஆளு வருதுன்னு ஊருக்கே தெரிஞ்சிடிச்சி. கட்டடத்துக்காரருக்கும் தெரிஞ்சிடிச்சி" என்றார். அன்று சாயங்கால பஸ்ஸில் இருவரும் பெங்களூர் போனார்கள். இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் அந்த அம்மா பஸ் ஏறினார்.

புது போர்டை மாட்டப் போனபோது லாரிகள் டிரம்முக்கு முன்னால் வழக்கம்போல நின்றன. மருமகன் ஊற்றியது குழம்பா தண்ணீரா என்று தெரியவில்லை, ஆனால் நிற்கிற வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. முனுசாமி என்னைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அந்தம்மா எங்க?"

"பெங்களூர் போயிட்டாங்க."

"பெங்களூர்ல எங்க? லோடு போறப்ப போயி சாப்பிடுவன்ல?"

"மெஸ் இல்லீங்க. கட்டட வேல. எங்கன்னு எனக்கும் தெரியல."

அவர் டிரம்மில் தண்ணீர் மொண்டு ரேடியேட்டருக்கு ஊற்றிக்கொண்டு, சாப்பிடாமல் வண்டியை எடுத்தார்.

புதிதாகக் கடை போடுகிறவர்கள் என்னிடம் வந்து, யாரோ ஒரு கம்பெனிக்காரன் செல்போனில் சும்மா கொடுத்த பக்கத்தைக் காட்டி, இதில் கூட்டம் சேர்ப்பது எப்படி என்று கேட்கிறார்கள். சேர்க்கலாம், அது பெரிய வித்தை இல்லை. இடம் யாருடையது, அவன் நாளைக்குக் காலி பண்ணச் சொன்னால் உன்னைத் தேடுகிறவனுக்கு நீ போன இடம் எப்படித் தெரியும் என்று நான் கேட்டால் மட்டும், பெரியவருக்கு இந்தக் காலத்து விஷயம் புரியாது என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள்.