மருந்து அடிக்காத வீடு

காரைக்குடிப் பக்கம், ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் நிற்கிறேன். சென்னையிலிருந்து என் வாடகைக் காரில் வந்த குடும்பம், மெத்தையும் ஏசியும் பூச்சிமருந்தும் இல்லாத வீடாகத் தேடிப் பிடித்த சொகுசு விடுதி இது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பாண்டியம்மாள் கோரைப்பாயை விரிக்கிறாள். அதற்குள்ளிருந்து கருந்தேள் ஒன்று ஓடி, தூணோரச் சந்துக்குள் நுழைகிறது.

“அண்ணே, அவுககிட்டச் சொல்லிராதீக. மருந்தும் கூடாது, தேளும் கூடாதுன்னா நான் எங்குட்டுப் போக? போன மாசம் வந்தவுக பாத்துட்டுக் கெளம்பிட்டாக. இன்னொருக்கான்னா எனக்கு வேலை போயிரும்.”

சவாரிக்கு வருகிறவர்களிடம் நானாகப் பேசிப் பழக்கமில்லை. அதற்குள் அந்தக் குடும்பத்து அம்மா கைக்குழந்தையைக் கொண்டுவந்து அதே பாயில் கிடத்துகிறார்.

“அம்மா, இங்க தேள் இருக்கு.”

குழந்தையை வாரி எடுத்தவர் பாண்டியம்மாளைப் பார்க்கிறார். நான் தரையைப் பார்க்கிறேன்.