சார்ஜுக்காகத் தின்ற வடை

அந்தச் சாப்பாட்டுக் கடையைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. பாதி அந்தக் கடைக்காரர்களை நினைத்து, மீதி என்னை நினைத்து.

கேதாரகௌரி விரதத்தின் கடைசி நாள். இருபது நாளும் நானும் மனைவியும் ஒருநேர மரக்கறிச் சோற்றோடு இருந்தோம். அன்று வெறும் தண்ணீர். மாலைப் பூசையில் கையில் காப்பு நூல் கட்டிய பிறகுதான் வாயில் ஏதும் வைக்கலாம். எங்கள் ஊர் வெல்லாவெளியில் காலையிலிருந்து கரண்ட் இல்லை. எங்கள் பற்றரி ஆட்டோவில் கிடந்த சார்ஜ் களுவாஞ்சிக்குடி வரைதான் தாங்கியது. பூசைக்குப் போகவேண்டிய மனைவியின் ஊர்க் கோயில் இன்னும் தூரம்.

அங்கேதான் அந்தக் கடை. அதன் வாசலில் வாகனங்களுக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டி இருந்தது. சாப்பிட வருவோருக்கு மட்டும் என்று எழுதியிருந்தார்கள். வயரைக் கொழுவினேன். இறைச்சி மணம் தாங்காமல் மனைவி ஆட்டோவிலேயே இருந்துவிட்டாள். நான் உள்ளே போய் ஒரு வடை வாங்கி, தொடாமல் முன்னால் வைத்துக்கொண்டேன். மேசையில் யாரோ துப்பிய எலும்பு கிடந்தது. அதைத் துடைக்க வந்த துணி அதைவிட ஊத்தை.

அரை மணித்தியாலமாவது ஏற வேண்டும். அதற்குள் ஒரு பெரிய கார் சார்ஜ் ஏற்ற வந்து ஆட்டோவுக்குப் பின்னால் நின்றது. கடை முதலாளி எழும்பி என்னிடம் வந்தார்.

"என்ன அண்ணன், வடையப் பாத்துட்டுப் போகவா வந்த?"

"விரதம் தம்பி. காப்புக் கட்டப் போறம். கொஞ்சம் ஏறினாக் காணும்."

"அப்ப கோயில்ல போய்க் கொழுவுங்க. கார்ல வந்த ஆக்கள் ஏழு பேர், பிரியாணி சொல்லிட்டாங்க."

பக்கத்து மேசை சிரித்தது. அவர் வயரைக் கழற்றப் போனார். நான் வடையை எடுத்துக் கடித்துவிட்டேன்.

"இந்தா, சாப்பிடுறன்தானே" என்றேன், வாய் நிறைய.

"அப்படியெண்டா ஒரு டீயும் சொல்லுங்க."

சொன்னேன். குடித்தேன். வடையில் கோழி பொரித்த எண்ணெய் மணத்தது. கண்ணாடிக்கு வெளியே மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேரத்துக்குக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அவளுக்குக் கட்டிவிட்டு ஐயர் என் பக்கம் நூலை நீட்டினார். கையை நீட்டிவிட்டேன்.

"இவருக்கு வேணாம் ஐயா. வழியில சாப்பிட்டுட்டார்" என்றாள் மனைவி.

"ஏன், சுகமில்லையோ?"

"சுகத்துக்கு ஒரு குறையுமில்ல. ஆட்டோக்குத்தான் சார்ஜ் இல்லாமப் போயிற்று."

கையை இழுத்துக்கொண்டு வரிசையை விட்டு விலகினேன். பின்னால் நின்ற பெண் தன் பூசைத் தட்டு என்மேல் முட்டாமல் ஒதுக்கிப் பிடித்தபடி முன்னே போனாள். அவள் செய்தது சரி என்றே எனக்குப் பட்டது.