அந்தூலா வீட்டுக் கல்வெட்டு

கிரேக்கத் தீவான ரோட்ஸின் கோட்டைக்குள் கொண்டைக்கடலை வடை சுடுகிறவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். அந்தூலாவின் வடை மற்றவர்களுடையதைவிட மேல் என்று சொல்ல முடியாது. உப்பு எப்போதும் ஒரு சிட்டிகை தூக்கலாகவே இருக்கும். ஆனாலும் கோடையில் அவள் ஜன்னலுக்கு முன்னால்தான் கூட்டம் நிற்கும். வடையோடு அவள் ஒரு கதையும் கொடுத்தாள்.

கதை பிறந்தது ஓர் ஆகஸ்ட் மதியம். எண்ணெய்ச் சட்டியின் முன் வியர்த்து நின்றவளிடம் ஒரு வெளியூர்க்காரி கேட்டாள்: "உங்க குடும்பம் எத்தனை வருஷமா இந்த வீட்ல இருக்கு?"

நாற்பது வருஷம் என்பதுதான் உண்மை. அவ்வளவு பழைய சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"ஐந்நூறு" என்றாள்.

வந்தவளின் கண்கள் விரிந்தன. அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை. துருக்கிப் படை கோட்டையை வளைத்தபோது இதே வீட்டில் மரூலா என்றொரு சலவைக்காரி இருந்தாள். ஏழு அண்டா சாம்பல் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மதில்மேல் ஏற்றி, ஏணியில் வந்தவர்கள் தலையில் கொட்டினாள். நான் அவள் வழியில் வந்தவள் என்றாள்.

வருஷத்துக்கு வருஷம் மரூலா வளர்ந்தாள். புருஷன் வந்தான், நாலு பிள்ளைகள் வந்தன, இடது முழங்கையில் கொதிநீர் பட்ட தழும்பு வந்தது. அந்தத் தழும்பு அந்தூலாவின் அம்மாவுடையது. ஓட்டல்களின் விரிப்புகளைத் துவைத்தே நாலு பிள்ளைகளை ஆளாக்கியவள் அவள். அவளைப் பற்றி அந்தூலாவிடம் யாரும் கேட்டதில்லை. மரூலா என்ற பெயரில் சொன்னபோது கேட்டார்கள்.

வழிகாட்டிகளும் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். கடைசியில் அது பாண்டெலிஸ் வாத்தியாரின் காதுக்குப் போனது. முப்பது வருஷம் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். கோட்டை அன்பர் சங்கத்தின் தலைவர். மரூலாவின் பெயரையும் கதையையும் பளிங்கில் வெட்டி அந்தூலா வீட்டு வாசலில் பதிப்பதென்று சங்கம் முடிவு செய்தது. ஞாயிற்றுக்கிழமை திறப்பு. அந்தூலா தலையாட்டினாள். பெயர் எப்படியும் போகட்டும், அம்மாவின் தழும்பாவது கல்லில் நிற்கட்டுமே என்று சமாதானம் செய்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கொத்தனார் ஸ்டெர்கோஸ் உளியோடு வந்தான். வாத்தியாரும் கூடவே வந்தார். எதிர்க் காப்பிக்கடை நிக்கிடாஸ் வேடிக்கை பார்க்க நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"மகாராணி, ஞாயித்துக்கிழமை எங்களுக்கெல்லாம் வடை இனாம்தானே?"

"நீ எனக்கு என்னைக்குடா காப்பி இனாமாக் குடுத்திருக்க?"

"எங்க பாட்டன் சண்டையில ஓடி ஒளிஞ்சிருப்பான், அக்கா. ஒளிஞ்சவன் பேரனுக்குக் கட்டுப்படி ஆகாது."

ஸ்டெர்கோஸ் வலப்பக்க நிலைக்கல்லில் சுண்ணாம்பைச் சுரண்டினான். ஒவ்வோர் ஈஸ்டருக்கும் அடித்த வெள்ளை, ஏடு ஏடாக உதிர்ந்தது. தோள் உயரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு பள்ளம் தெரிந்தது. நேராக இல்லை, சாய்ந்திருந்தது. மேலும் கீழுமாக இரண்டு ஆணித் துளைகள்.

"வாத்தியாரே, இங்க பாருங்க."

வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் கண்கள் விரிந்திருந்தன. "கத்தி தீட்டுன தடம்! முற்றுகை நாள்ல மரூலா கத்தி தீட்டியிருக்கா! கல்வெட்டுல இன்னும் ஒரு வரி சேத்துரணும்."

அந்தக் கண்களை அந்தூலாவுக்குத் தெரியும். அந்த ஆகஸ்ட் மதியத்தில் வெளியூர்க்காரியிடம் பார்த்தவைதான்.

பள்ளத்தையும் அவளுக்குத் தெரியும். ஒன்பது வயதில், மலைக் கிராமத்திலிருந்து கழுதையில் பாயும் பானையுமாக வந்து இறங்கிய நாள். கோட்டைக்குள் வீடுகள் காலியாகக் கிடந்தன. அந்தப் பள்ளத்தில் ஒரு தகரக் குழல் அறைந்திருந்தது. அப்பா கத்தியால் நெம்பி எடுத்தார். உள்ளே சுருட்டி வைத்த தோல் துண்டில் பொடி எழுத்து, யூதர்கள் வாசல் நிலையில் பதித்து வைக்கும் வேத வரிகள். அடுப்பில் போட அம்மாவுக்கு மனசு வரவில்லை. தலைத்துணியில் பொதிந்து கொண்டுபோய், பூட்டிக் கிடந்த யூதர்களின் தொழுகைக்கூட வாசலில் வைத்துவிட்டு வந்தாள். பிறகு பள்ளத்தைச் சுண்ணாம்பால் பூசினாள். வீட்டுக்காரர்களை அதற்கு மூன்று வருஷம் முன்பு ஒரு ஜூலையில், ஊரிலிருந்த மற்ற யூதர்களோடு சேர்த்து ஜெர்மன்காரர்கள் கப்பலேற்றியிருந்தார்கள். திரும்பி வரவில்லை.

"கத்தி தீட்டுன தடம் இல்ல" என்றாள் அந்தூலா.

"பின்னே?"

அவள் சொன்னாள். குழலைச் சொன்னாள். மூச்சு வாங்கிக்கொண்டு, மரூலா பொய் என்பதையும் சொன்னாள். ஸ்டெர்கோஸ் உளியைக் கீழே வைத்தான்.

வாத்தியார் சிரிக்கப் பார்த்தார். "என்னம்மா நீ. வாய்வழியா வர்ற கதையில ஒரு உண்மை இருக்கும். உனக்குத் தெரியாம உன் ரத்தத்துல..."

"வாத்தியாரே, நீங்கதானே எனக்கு நாலாம் வகுப்புல பாடம் எடுத்தீங்க? துருக்கிக்காரன் ஜெயிச்ச பிறகு நம்ம கிரேக்க ஆளு எவனும் பொழுது சாஞ்சா கோட்டைக்குள்ள இருக்கக் கூடாதுன்னு. நானூறு வருஷம்."

"அது பொதுவான விதி."

"இந்தத் தெருவுல எல்லாரும் ஐந்நூறு வருஷமா உள்ளதான் இருக்கோம்னு சொல்றோம். அப்ப சாயங்காலமானா வெளிய போனது யாரு?"

நிக்கிடாஸ் தன் காப்பிக் குவளைக்குள் பார்த்துக்கொண்டான்.

"கல்லு வெட்டியாச்சு. ஞாயித்துக்கிழமை மேயர் வர்றாரு." வாத்தியாரின் குரல் தாழ்ந்தது. "உன் பொழப்பும் இதுலதான் ஓடுது. யோசிச்சுப் பேசு."

"யோசிச்சாச்சு. என் வாசல்ல வேண்டாம்."

நிக்கிடாஸ் தொண்டையைக் கனைத்தான். "வாத்தியாரே, என் கடைச் சுவத்துல இடம் இருக்கு. மரூலா எதுத்தாப்புலயும் குடியிருந்திருக்கலாமே."

அப்படித்தான் ஆனது. ஞாயிற்றுக்கிழமை மேயர் நிக்கிடாஸ் கடைச் சுவரில் திரையை விலக்கினார். மரூலாவின் கதையை நிக்கிடாஸ் அந்தூலாவைவிட நன்றாகவே சொல்கிறான், அண்டா பன்னிரண்டாகிவிட்டது. கூட்டம் தெருவின் அந்தப் பக்கம் நகர்ந்தது. முன்பு பகல் இரண்டு மணிக்கு வழித்துவிடும் மாவு, இப்போது சாயங்காலம்வரை கிடக்கிறது.

சுரண்டிய நிலைக்கல்லுக்கு அந்தூலா மறுபடி வெள்ளை அடிக்கவில்லை. ஒருநாள் தொழுகைக்கூடத்துக் காவல்காரரிடம் போய், தன் வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டாள். கிழவர் பழைய பட்டியலை எடுத்துப் பார்த்தார். தெரு எண்களை இரண்டு முறை மாற்றிவிட்டார்கள் என்றார். மூன்று குடும்பங்களின் பெயர்களைப் படித்தார். இவற்றில் ஒன்றாக இருக்கலாம், எது என்று சொல்ல முடியாது என்றார்.

மரூலாவுக்கு அவள் எத்தனையோ கொடுத்திருந்தாள். இவர்களைப் பற்றி அவளிடம் இருந்தது ஒரு பள்ளமும் இரண்டு ஆணித் துளைகளும்தான்.

செப்டம்பரில் ஒரு வெளியூர்க்காரர் வடையை வாங்கிக்கொண்டு நிலைக்கல்லைத் தடவினார். "இது என்ன?"

அந்தூலா சொன்னாள். அவர் வடையைத் தின்னாமல் கேட்டார்.

"அவங்க பேரு என்ன?"

மூன்றில் ஒன்றைச் சொன்னால் போதும், அவர் நம்புவார். அவளுக்கு நடுவில் இருந்த பெயர் பிடித்திருந்தது. அது நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு, சட்டியில் கருகத் தொடங்கியிருந்த வடையைத் திருப்பிப் போட்டாள்.