கட்டில் எண் நான்கு

ஐம்பதுகளில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் புது நர்ஸ். யாரிடமும் பெயர் கேட்க மாட்டேன். கட்டில் எண்ணைப் பார்த்தே ஊசி போட்டுவிடுவேன். அவ்வளவு திமிர்.

ஒரு காலை, நான்காம் கட்டிலுக்குரிய பென்சிலினைப் போட்டு முடித்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். படுத்திருந்தது எதிர்வரிசையில் இருந்த கெலமங்கலத்து அம்மாள். வடக்கே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று நான்காம் கட்டில்காரியோடு இடம் மாறியிருக்கிறார்.

“பேசாம இரு சிஸ்டர். சொன்னா வேலை போயிடும்” என்றாள் ஆயா.

மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் உயிரே போகலாம். டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ரிப்போர்ட் புத்தகத்தில் என் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திட்டினார், ஆனால் வேலையிலிருந்து நீக்கவில்லை. மதியம்வரை அந்த அம்மாளின் நாடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. நடந்ததை அவரிடமும் சொன்னேன்.

“நீ மறைச்சிருந்தா எனக்கு என்னா தெரியப்போவுது? நாளைக்கும் நீயே மருந்து குடு, கண்ணு.”

அன்றிலிருந்து பெயர் கேட்காமல் நான் மருந்தைத் தொட்டதில்லை. முதல் ஆளின் பெயரை மட்டும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மறுநாள் என்னைக் கண்டதுமே அவர் சிரித்தபடி கையை நீட்டினார்.

“முனியம்மா, கெலமங்கலம்.”