ச, இ, பொ

படை முகாமைக் காலி செய்துகொண்டு போன பிறகு ஊருக்கு மிஞ்சியது வாசல் காவல் அறையும், ‘நில்’ என்று எழுதிய தகரப் பலகையும்தான். அந்த அறையில் ஒரு ராணுவ அருங்காட்சியகம் வைக்கலாம் என்று கிளப்பிவிட்டவர், முகாமில் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர். பேச ஆரம்பித்தால் நிற்க மாட்டார் என்பதால் ஊர் அவருக்கு வைத்த பெயர் பிரேக். அவரும் பூகோள டீச்சரும் வீடு வீடாக ஏறி இறங்கியதில் ஏழு தண்ணீர்க் குப்பிகள், கால் ஒடிந்த ஒரு மடக்குக் கட்டில், இரண்டுமே இடது காலுக்கான ஒரு ஜோடி பூட்ஸ் கிடைத்தன. உடுப்பு என்று ஒரு கைக்குட்டைகூடத் தேறவில்லை.

உடுப்பு இருந்த இடம் எல்லோருக்கும் தெரியும். எதிர்ச்சாரியில் லாண்ட்ரி அக்காவின் கடை. உள்ளே கடைசிக் கம்பியில், பிளாஸ்டிக் உறைக்குள், இருபத்தாறு வருஷமாக ஒரு கம்பளிக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

“குடுங்கக்கா, நாலு பேர் பாக்கட்டும்” என்றார் பிரேக். அவரைவிடப் பத்து வயது சின்னவள்தான். ஆனாலும் ஊருக்கே அவள் அக்கா.

“என்னோடதா இருந்தா குடுத்திருப்பேன் அண்ணே. இது கஸ்டமர் துணி.”

“இத்தனை வருஷமா வராதவரு இனிமேலா வரப்போறாரு?”

“வந்து கேட்டா நீங்களா பதில் சொல்லுவீங்க?”

கல்யாணமாகி அந்தக் கடைக்கு வந்த புதிதில் அக்கா ஓர் அதிகாரியின் சட்டையைக் கருக்கிவிட்டாள். முதுகில் முக்கோணமாகப் பழுப்புத் தடம். கணவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போய், “என் கை தவறிடுச்சு சார்” என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டவள்தான், அதன் பிறகு ஒரு நூல்கூடக் கருகியதில்லை.

பேச்சைப் போலவே எழுத்திலும் அவர் கஞ்சன். வரவுப் புத்தகத்தில் சலவைக்கு ‘ச’, இஸ்திரிக்கு ‘இ’. ஒரு நாள் காலையில் கோட்டை வாங்கி வைத்து எழுதினார். மத்தியானம் துணி மூட்டையில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்தப் பக்கத்தின் கடைசி வரி இதுதான்: ‘கோட்டு 1. ச, இ, பொ.’

ஒரு மாதம் கழித்துக் கடையைத் திறந்த அக்கா முதலில் அந்தக் கோட்டைத்தான் எடுத்தாள். துவைத்தாள், இஸ்திரி போட்டாள். ‘பொ’ என்ன என்று புரியவில்லை. கோட்டோடு, அதன் ரசீது எண்ணையே எழுதி, வாயை ஒட்டிய ஒரு சின்னக் காகித உறை இருந்தது. சரி, பொட்டலம் என்று வைத்துக்கொண்டாள். ஆனால் பொட்டலத்தையெல்லாம் அவர் புத்தகத்தில் ஏற்றி அவள் பார்த்ததே இல்லை. அங்கே ஏறுவது வேலை மட்டும்தான். மனிதர் கடைசியாகச் சொல்ல வந்தது என்ன? கம்பியைத் துடைக்கும்போதெல்லாம் அந்த ஓர் எழுத்து அவளைச் சுரண்டும். கோட்டில் மூன்றாவது பட்டன் இல்லாததை மடிப்பில் மறைத்து வைத்துவிட்டு, ‘பட்டன் அறுந்ததுகூடத் தெரியாம அலையிற ஆளு’ என்று முகம் தெரியாத அந்தச் சிப்பாயைத் திட்டிக்கொள்வாள்.

உறையைப் பிரிக்க மட்டும் மாட்டாள். கஸ்டமர் பையிலிருந்து வந்ததைக் கஸ்டமர்தான் பிரிக்க வேண்டும். தடவிப் பார்க்கலாம், அதில் தப்பில்லை. டீச்சரும் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

“வட்டமா இருக்கு. பின்னாடி சின்னதா ஒரு வளையம். அக்கா, தோடு! ஒத்தைத் தோடு!”

“அப்போ பொ-ன்னா பொன்னு! தங்கம்க்கா!” என்று குதித்தார் பிரேக்.

“பொய்யாக்கூட இருக்கலாம், உங்க வாயிலேர்ந்து வர்றதுனால” என்றாள் டீச்சர்.

“பொறுமைன்னு வெச்சுக்குங்க” என்று அக்கா உறையைப் பிடுங்கிக்கொண்டாள். “அதுதான் உங்க ரெண்டு பேருக்கும் இல்ல.”

கடைசியில் அவளை அசைத்தது பிரேக் போகிற போக்கில் சொன்ன ஒரு பேச்சு. “கடைக்குள்ள இருட்டுல தொங்கினா வர்றவர் கண்ணுல எப்படிக்கா படும்?”

அது நியாயமாகப் பட்டது. ஊசி குத்தக் கூடாது, உறையைப் பிரிக்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமைகளில் தானே காவலுக்கு உட்காருவேன் என்று மூன்று நிபந்தனை போட்டுக் கோட்டைக் கொடுத்தாள். ஜவுளிக்கடைக்காரர் தந்த பழைய பொம்மைக்கு அதை மாட்டினார்கள். பொம்மை வம்புக்கு வந்தது போல இடுப்பில் கை வைத்து நின்றது. கீழே அக்கா எழுதிய அட்டை: ‘இது கஸ்டமர் துணி. ரசீதோடு வந்தால் உடனே தரப்படும். ச, இ, பொ.’ பக்கத்தில் டீச்சர் ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்து, ‘பொ என்றால் என்ன? எழுதிப் போடவும்’ என்று ஒட்டினாள். நாலே மாதத்தில் டப்பா நிறைந்தது. பொம்மை, பொடி, பொக்கிஷம். யாரோ ஒருவர், ‘பொண்டாட்டிக்குத் தெரியாமல் வைத்தது.’

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கையில் ஹெல்மெட்டோடு வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் மனைவியுடன் உள்ளே வந்தார். குப்பிகளைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்துச் சிரித்தார். கோட்டின் முன்னால் வந்ததும் நின்றார். குனிந்தார். அட்டையைப் படித்தார். மறுபடி கோட்டைப் பார்த்தார்.

“ஏம்மா, இன்னும் பட்டனே தைக்கலையா?” என்றார்.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். “எந்தப் பட்டன்?”

“மூணாவது. அதுக்குத்தானே குடுத்தேன். அறுந்து விழுந்ததைக்கூடப் பத்திரமா கையில குடுத்தேனே. கடையில இருந்தவர் என்னைத் திருத்தினாரு. ‘பட்டன் இல்ல தம்பி, பொத்தான்னு சொல்லு’ன்னு.”

அக்கா மறுபடி உட்கார்ந்துவிட்டாள். பிரேக் அன்றைக்குத்தான் பேருக்கேற்றபடி நின்றார்.

“ரசீது இருக்கா?” அக்காவின் குரல் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது.

“மறுநாளே எங்களை வண்டியில ஏத்திட்டாங்கம்மா. ரசீது பேன்ட் பையில இருந்துச்சு. பேன்ட்டோட அதையும் துவைச்சுட்டேன்.”

“நம்ம தொழிலுக்கு லாயக்கில்லாத ஆளு” என்றாள் அக்கா. உறையை அவர் கையில் கொடுத்தாள். அவர் பிரித்தார். காகிதச் சுருளுக்குள் ஒரு பித்தளைப் பொத்தான்.

“உங்களை எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா” என்றாள். “வேலை முடியாத துணியை இத்தனை வருஷமா ரெடின்னு மாட்டி வெச்சிருக்கேன். அவர் விட்டுட்டுப் போனது ஒரே ஒரு வேலை. அதையும் நான் செய்யல.”

பிரேக் கடைக்கு ஓடி ஊசி, நூல், பழைய வரவுப் புத்தகம் மூன்றையும் கொண்டுவந்தார். அக்கா வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து தைத்தாள். பொத்தானின் கழுத்தில் நாலு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டாள். தேவைக்கு மேலே இன்னும் ரெண்டு சுற்று. பிறகு புத்தகத்தை விரித்துப் ‘பொ’வின் மேல் ஒரு டிக் அடித்தாள். டிக்கின் வால் நீண்டு அடுத்த காலிப் பக்கம் வரை போனது.

அவர் போட்டுப் பார்த்தார். ஒரு கை நுழைந்தது, மறு கை நுழைய மறுத்தது.

“அதுக்குள்ள இருந்தவரு வேற, இவரு வேற” என்றாள் மனைவி. “வீட்ல இருக்கிற துணியே போதும்ங்க.”

“இங்கேயே இருக்கட்டும்மா. அழகா இருக்கு” என்றார் அவர்.

“அதெல்லாம் அப்புறம் பேசலாம்” என்று அக்கா கோட்டை மடித்து அவர் கையில் வைத்தாள். “முதல்ல டெலிவரி. கையெழுத்துப் போடுங்க. வாசலைத் தாண்டுங்க.”

அவர் கையெழுத்துப் போட்டார். கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். ‘நில்’ பலகை வரை போனார், நின்றார், திரும்பி வந்தார். அதற்குள் பிரேக் மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து நன்கொடைப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார்.

“வாங்க சார், வாங்க” என்றார், அவரை அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பவர் போல. “எங்களுக்கு என்ன கொண்டு வந்திருக்கீங்க?”