ஏடு படியாத பால்

ஐரீன் டோரதியிடம் முதன்முதலில் வாயைத் திறந்து பேசியது, பால் பொங்கிவிடுமோ என்ற பயத்தில்தான். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் இருந்த ஏழு குடித்தன வீட்டுக்கு அவளும் அவள் அப்பாவும் குடிவந்த இரண்டாம் நாள் அது. பொதுச் சமையலறையில், கரியடுப்பின் மேல், தாம்பாளம் போல அகலமான ஒரு சட்டி இருந்தது. அது நிறையப் பால். பக்கத்தில் முப்பத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி மணையில் உட்கார்ந்து, கையில் ஒரு ஈர்க்குச்சியோடு பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, பால் பொங்கப்போகுது.”

“பொங்காது.”

“கிளறிவிட வேண்டாமா?”

“கெளறினா கெட்டுது போ. கிட்ட வராத, மூச்சு பட்டாக் கூட கிழிஞ்சிடும்.”

ஐரீன் இரண்டடி தள்ளி நின்றாள். இயல்பாகவே அதிகம் பேசாதவள். ஆனாலும் அந்தப் பாலின் வாசனை அவளுக்குப் புதிதாக இருந்தது.

“எந்த மாட்டுப் பால் அக்கா?”

“மாடு இல்ல பாப்பா, மொச்சை. ரங்கூன் மொச்சை.”

தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த எதிர்க் குடித்தனத்துக் கோவிந்தம்மா சிரித்தாள். “மொச்சையில பால் கறக்குற மகராசி இந்த வூட்லதான் கீறா. கொல்லையில கொடியப் போயி பாரு, பாம்புச் சட்டைய உரிச்சிக் காயப்போட்டுக்கீறா.”

“போடி! போன வாரம் உன் புருசன் அந்தப் பாம்புச் சட்டையத்தான் ரெண்டு தட்டு துன்னுட்டு ஏப்பம் வுட்டாரு. அப்ப இனிச்சிதா?”

கோவிந்தம்மா போன பிறகு பாலின் மேல் மெல்லிய ஏடு ஒன்று படிந்தது. டோரதி ஈர்க்குச்சியை அதன் நடுவே அடியில் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். ஈரத்துணி போல அது இரண்டு பக்கமும் தொங்கியது. கிழியவில்லை.

“யாருக்கு அக்கா இது?”

“அவுருக்கு. வயித்துல வேற எதுவும் தங்கறதில்ல.”

“மருந்தா?”

“சோறு,” என்றாள் டோரதி. “நமக்கு சோறு எப்டியோ, அப்டி.”

அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

டோரதி அதே ராயபுரத்தில் பிறந்தவள். படகோட்டியின் மகள். பதினேழு வயதில் சவரிநாதனுக்கு வாழ்க்கைப்பட்டு ரங்கூன் போனாள். அவர் அங்கே துறைமுகத்தில் பாரம் தூக்கும் விஞ்சு ஓட்டினார். அவர்கள் குடியிருந்த வீட்டின் மாடியில் ஒரு சீனக் குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணை எல்லோரும் ஆசோ என்று கூப்பிட்டார்கள். ஆசோவுக்குத் தமிழ் தெரியாது, டோரதிக்குச் சீனம் தெரியாது. இருவரும் பேசியது கிண்ணங்களால். டோரதி கருவாட்டுக் குழம்பை மாடிக்கு அனுப்புவாள். மாடியிலிருந்து மொச்சைப்பால் ஏடு இறங்கி வரும். ஒருநாள் இஞ்சி தட்டிப் போட்ட சாற்றில் மிதந்து வரும். ஒருநாள் சுருட்டி, ஆவியில் வேகவைத்து, எண்ணெயில் பொரித்து, வாத்துக்கறி போல வரும். முதல்முறை சவரிநாதன் கறி என்றே நம்பி எலும்பைத் தேடினாராம். ஒரு வருஷத்துக்குள் டோரதி அந்த வேலையைக் கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டாள்.

நாற்பத்தொன்று கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் ரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்த பிப்ரவரியில் கப்பல் மேல்தட்டில் ஒரு பெண்ணுக்கு மட்டும் இடம் கிடைத்தது. சவரிநாதன் டோரதியை ஏற்றிவிட்டு, காடும் மலையுமாக நடந்து வந்தார். வந்து சேர நாலரை மாதம் ஆயிற்று. வழியில் குடித்த தண்ணீர் குடலை அரித்துவிட்டது. வாசலில் வந்து நின்றவரை டோரதி யாரோ பிச்சைக்காரர் என்று நினைத்து, “கை காலியா கீது, போய்யா,” என்று சொல்லிவிட்டாள். அதை அவள் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். சாமியார் அது பாவமே இல்லை என்றார். அவளுக்கு ஆறுதல் வரவில்லை.

அதற்குப் பிறகு சவரிநாதன் வேலைக்குப் போகவில்லை. டோரதி தண்டையார்பேட்டைக் கிடங்கொன்றில் பருப்பு புடைக்கப் போனாள். சோறு குழைத்துக் கொடுத்தாலும் அவருக்கு வாந்தி. கஞ்சித் தெளிவில் நாலு வருஷம் உயிர் ஓடியது. நாற்பத்தாறில், அவருடைய அக்காள் மகன் லூர்து ரங்கூன் கப்பலில் சமையல்காரனாகச் சேர்ந்தான். முதல் நடையிலேயே ஒரு தகரடப்பா நிறைய மொச்சை கொண்டுவந்து கொடுத்தான். அந்த வாரம் சவரிநாதன் இஞ்சிச் சாற்றில் ஊறிய ஏட்டை மூன்று நாள் தொடர்ந்து சாப்பிட்டார். மூன்று நாளும் அது வயிற்றில் தங்கியது.

அதிலிருந்து எந்தக் கப்பல் எப்போது வரும் என்பதே அந்த அறையின் பஞ்சாங்கம் ஆனது. டோரதி டப்பாவை அளந்து அளந்து செலவழித்தாள். முதலில் எடுக்கும் நாலு ஏடு அவருக்கு. கடைசியில் வரும் தடித்த, மஞ்சள் படிந்த ஏடுகள் கொடியில் காயும். காய்ந்ததை மறுபடி ஊறவைத்து, பூண்டு தாளித்து, இறால் தூள் போட்டு, இடியாப்பத்தோடு புரட்டினால் ரங்கூன் தெருவில் விற்கும் நூடுல்ஸுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வரும். ஆசோ ஊற்றிய கறுப்பு ரசத்துக்குப் பதில் புளியும் வெல்லமும். அதைக் குடித்தனக்காரர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பாள். கிடங்கில் கிடைத்த பயறுகளிலும் அவள் முயன்று பார்க்காமல் இல்லை. நாட்டு மொச்சை கூழானது. காராமணி அடிப்பிடித்தது. வேர்க்கடலைப் பாலில் ஏடு படிந்தது; தூக்கியதும் கிழிந்தது. சவரிநாதன் ஒரு வாய் வைத்துவிட்டு, அவள் மனம் நோகக்கூடாதென்று விழுங்கினார். அரைமணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்தது.

ஐரீன் கான்வென்டில் தமிழும் இங்கிலீஷும் படித்தவள். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த அவள் அப்பா இங்கிலீஷ் பேப்பர் வாங்குவார். அதில் கப்பல் வருகைப் பகுதி உண்டென்று தெரிந்த நாள் முதல், சவரிநாதன் தினமும் மூன்று மணிக்கு அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவள் படித்துத் தமிழில் சொல்வாள். எந்தக் கப்பல் துறைமுகத்தில் எந்த மேடையில், எது வெளியே நங்கூரத்தில் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நடுநடுவே திருத்துவார். “அது சின்னக் கப்பல், அந்த மேடையில ஏன் கட்டப்போறான்? ஒயுங்காப் படி பாப்பா.” ஐரீன் மறுபடி பார்ப்பாள். அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். யாரோடும் ஒட்டாத அவளுக்கு அந்த மூன்று மணி பிடித்திருந்தது.

ஐம்பதாம் வருஷம் புரட்டாசிக் கடைசியில் லூர்து வந்தான். டப்பாவை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். “அத்தே, இத்தோட அவ்ளோதான். என்னிய பாஸ்ரா கப்பலுக்கு மாத்திட்டாங்க. ரங்கூனுக்கு இனிமே நம்ம ஆளு யாரும் இல்ல.” உள்ளே படுத்திருந்த சவரிநாதனுக்கு அதைச் சொல்ல வேண்டாம் என்று டோரதி அவன் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள்.

ஐப்பசி மழை பிடித்தது. டோரதியின் அறையில் நாலு இடத்தில் ஒழுகியது. “பாப்பா, இத்த உன் ரூம்ல வெச்சிக்கோ. பொங்கல் வரிக்கும் ஓட்டணும். தண்ணி மட்டும் படாம பாத்துக்க,” என்று டப்பாவை ஐரீனிடம் கொடுத்தாள். டோரதி தன் கையிலும் கொஞ்சம் வைத்திருந்தாள். அது மூன்று வாரம் வந்தது.

ஐரீன் டப்பாவைத் தன் புத்தகங்களுக்குப் பக்கத்தில், உயரத்தில் வைத்தாள். ஒரு நாள் திறந்து பார்த்தபோது மொச்சைகளுக்கு நடுவே கறுப்பாக ஏதோ ஊர்ந்தது. வண்டு. வெயில் தலைகாட்டாத வாரம் அது, காயவைக்க வழியில்லை. அவள் அம்மா உயிரோடு இருந்த காலத்தில் உளுந்தானாலும் பயறானாலும் மழைக்கு முன் வெறும் வாணலியில் வறுத்துத்தான் எடுத்து வைப்பாள். ஐரீனும் அதைத்தான் செய்தாள். டோரதி கிடங்குக்குப் போயிருந்த காலைநேரத்தில், டப்பா முழுவதையும் புடைத்து, பொறுக்கி, வாசனை வரும்வரை பொன்னிறமாக வறுத்து, ஆறவைத்து மூடினாள். யாரும் கேட்காமல் ஒருவருக்கு ஒரு காரியம் செய்துவிட்ட சந்தோஷத்தில் அன்று அவள் பேப்பரைக் கொஞ்சம் உரக்கவே படித்தாள்.

கார்த்திகை பிறந்த வாரத்தில் டோரதி டப்பாவை வாங்கிக்கொண்டு போனாள். ஊறப்போட்ட மொச்சை சரியாக உப்பவில்லை. பழசு போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் ஊறவிட்டு, அரைத்து, துணியில் பிழிந்தாள். பால் தவிட்டு நிறத்தில் வந்தது. அடுப்பில் ஏற்றி, மணையில் உட்கார்ந்தாள். அரைமணி, ஒருமணி. ஐரீன் வாசற்படியில் நின்றாள். பால் மேலே நுரைத்தது, சுண்டியது, அடியில் வண்டலாகத் தங்கியது. ஏடு மட்டும் படியவில்லை. டோரதி ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்தாள். குச்சி நனைந்து வந்தது.

குனிந்து முகர்ந்தாள். பிறகு நிமிராமலே கேட்டாள். “வறுத்தியா பாப்பா?”

“வண்டு வந்திருந்தது அக்கா.”

“எல்லாத்தையுமா?”

“ஆமாம் அக்கா.”

“இங்கிலீஸ் ஸ்கூல்ல இத்தெல்லாம் சொல்லித் தர்ல இல்ல?” என்றாள் டோரதி. அப்புறம், “உன்னச் சொல்லி இன்னா. தண்ணி படக்கூடாதுன்னு சொன்னேன், நெருப்பு படக்கூடாதுன்னு சொல்லல,” என்றாள். சட்டியை இறக்கி, பாலைக் கொல்லைச் சாக்கடையில் ஊற்றினாள்.

லூர்து இல்லை. ஐரீன் ரங்கூனில் இருந்த ஒரு கம்பெனிக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதினாள். லைசென்ஸ் இல்லாமல் தானியம் அனுப்ப முடியாதென்று மூன்று வரியில் பதில் வந்தது. ஆஸ்பத்திரி டாக்டர், “முடிந்ததைக் கொடுங்கள்,” என்றார். சவரிநாதனுக்குக் கஞ்சித் தெளிவும் தங்காமல் போனது. படுக்கையில் அவர் இருக்கும் இடம் நாளுக்கு நாள் சின்னதாகியது. ஆனால் மூன்று மணிக்கு மட்டும் கண் திறந்தார். “ரங்கூன் கப்பல் வந்திச்சா பாப்பா? லூர்து வந்தானா?” ஐரீன் இல்லாததைச் சொல்லிப் பழகாதவள். அந்த வாரம் ரங்கூன் கப்பல் ஒன்றும் இல்லை என்று இருந்ததை இருந்தபடியே படித்தாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை டோரதி, கிடங்குக்குப் போகாமல், ஐரீனின் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

“பாப்பா, உன்னிய ஒண்ணு கேக்கறேன். இன்னிக்கி பேப்பர் படிக்கச் சொல்லோ, ரங்கூன் கப்பல் வந்துட்சின்னு படி. மேடையில கட்டிட்டான்னு சொல்லாத, அப்பால மொச்சை எங்கேம்பாரு. வெளிய நங்கூரம் போட்டு நிக்குது, மேடை காலி இல்லன்னு படி. லூர்து பேரச் சொல்லிடாத. பேப்பர்ல அத்தெல்லாம் போட மாட்டாங்கன்னு அவுருக்குத் தெரியும். நாளைக்கும் நிக்குதுன்னு படி. நாளான்னிக்கும் நிக்கட்டும். எத்தினி நாளைக்குன்னு என்னிய கேக்காத பாப்பா. அவுரு கேக்குற வரிக்கும் படி.”